இரண்டு எழுபத்தொன்று

"எழுபத்தொண்ணா? இதுக்கா எழுபத்தொண்ணு? காலைலயே நாக்குல வார்னிஷ் கீர்னிஷ்—"

"நீ போட்டிருக்கிற தொண்ணூத்திரெண்டை முதல்ல பாரு. இன்னும் கொஞ்சம் விட்டா நூறு போட்டு, ஃப்ரேம் போட்டு, சுவத்துல—"

"—பூசிட்டு வந்தியா? நான் பேசிட்டிருக்கேன்ல, முடிக்க விடு!"

"நீ முடிக்கிறதுக்குள்ள கிளாஸ்ல இருக்கிறது ஆவியாப் போயிடும்."

"போகட்டுமே! எழுபத்தொண்ணு மார்க் சரக்குதானே. இருந்தா என்ன, போனா என்ன?"

அக்கா கையிலிருந்த தாளை மேசைமேல் அடித்துவைத்தாள். அடித்த வேகத்தில் கோப்பைகள் ஒன்றோடொன்று முட்டிக் கிணுகிணுத்தன. உடனே அவளே பதறிப்போய் இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்தாள். கோபம் வந்தாலும் கோப்பை உடையக்கூடாது. அப்படி ஒரு கோபம் அக்காவுடையது.

மாடி அறை அது. கீழே அத்தானின் மூக்குக்கண்ணாடிக் கடை. அறையில் இரண்டு மேசைகள், ஒன்று கிழக்குச் சுவரைப் பார்த்து, மற்றது மேற்குச் சுவரைப் பார்த்து. விஸ்கியை ருசி பார்த்து மார்க் போடுகிற நேரத்தில் அக்காவும் தங்கையும் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டித்தான் உட்காருவார்கள். எதிரெதிரே உட்கார்ந்தால் ஒருத்தியின் புருவம் ஏறுவதை மற்றவள் பார்த்துவிடுவாள். பார்த்துவிட்டால் மார்க் தொற்றிக்கொள்ளும், கொட்டாவி மாதிரி.

மாதாமாதம் ஒரு பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் இவர்கள் போடும் மார்க் வரும். ஒரு மாதத்துக்கு ஒரு ஸ்காட்ச் வடிசாலை. அந்த வடிசாலையின் சிங்கிள் மால்ட் புட்டிகள் ஐந்தை வைத்துக்கொண்டு, எந்தக் கோப்பையில் எது என்று தெரியாமல் குடித்து, நூற்றுக்கு இவ்வளவு என்று எழுதவேண்டும். இரண்டு பேர் மார்க்கும் ஐந்துக்குள் ஒத்துப்போனால் நடுவில் ஒரு எண் அச்சாகும். ஐந்தைத் தாண்டினால் சண்டை. சண்டை ஓய்ந்ததும் பழைய மார்க்கை அடித்துவிட்டு மறுபடி புதிதாக ஊற்றி, மறுபடி முதுகைக் காட்டி உட்கார்ந்து, மறுபடி மார்க். இதுதான் வீட்டுச் சட்டம். அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் புட்டி வாங்குவேன் என்று சொல்கிறவர்கள் நிறையப்பேர். இந்த இரண்டு பெண்களும் காலையில் தலைக்கு எண்ணெய் வைக்காமல், வாசனைச் சோப்புப் போடாமல், அடுப்பில் ஒரு வெங்காயம்கூட வதக்காமல் உட்காருவது அவர்களுக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரிக்கு மட்டும் தெரியும். "விடிஞ்சும் விடியாம ஆரம்பிச்சிடறாங்கம்மா" என்று அவள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஐந்து புட்டிக்கு ஆறு கோப்பை. ஏதோ ஒரு புட்டியை மட்டும் இரண்டு கோப்பையில் ஊற்றி, தள்ளித் தள்ளி வைத்துவிடுவார் அத்தான். இரட்டைக் கோப்பை என்று அதற்குப் பெயர். நாக்கு ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க அது ஒரு பொறி. புட்டிகளைத் துணி சுற்றி மூலையில் வைத்துவிடுவதால் எது இரட்டை என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும்; ஆறு மார்க்கையும் படித்த பிறகுதான் துணியைப் பிரிப்பார்.

மார்க் போட்டு முடித்து, இப்போது ஒவ்வொரு எண்ணாகப் படித்துக்கொண்டிருந்தார்கள். முதல் கோப்பைக்கு எண்பத்துநாலும் எண்பத்திரண்டும். சிக்கலில்லை. இரண்டாவதிலேயே வெடித்துவிட்டது.

"சரி, என்னதான் குறைன்னு சொல்லேன்" என்றாள் அக்கா. "மோந்து பாத்தப்ப என்ன வந்துச்சு?"

"புகை ஜாஸ்தி."

"புகையா? தீவுல இருக்கிற டிஸ்டில்லரி, கரி மாதிரி எரியற சதுப்பு மண்ணைக் கொளுத்தி அதுல தானியத்தைக் காயவைக்கிறாங்க. புகை இல்லாம மல்லிப்பூவா மணக்கும்?"

"அப்புறம்... முடிவுல ஒரு கசப்பு."

"கசப்பா!" அக்கா கோப்பையின் மேல் மூடியிருந்த வட்டக் கண்ணாடியை எடுத்தாள். வெட்டாத லென்ஸ், அத்தான் கடையில் மீந்துபோனது. கோப்பைக்கு அளவெடுத்த மூடிபோல் உட்காரும். அவள் மூக்கை உள்ளே விட்டு, கண்ணை மூடி, மெல்ல இழுத்தாள். கோபமாக இருந்த முகம் இளகிவிட்டது. "இதுலயா கசப்பு? எனக்கு வேற யாரோ ஊத்திக் கொடுத்தாங்களா, உனக்கு வேற யாரோவா?"

தங்கை எழுந்து ஜன்னல்பக்கம் போனாள். அங்கிருந்து கதவுவரை வந்தாள். திரும்பி ஜன்னல். செருப்பில்லாத காலில் தரை சில்லென்று இருந்தது. காலைமுதல் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. காரணம் அவளுக்கு மட்டும் தெரியும்.

அந்த இரண்டாவது கோப்பையை அவள் முகர்ந்ததுமே இது எது என்று தெரிந்துவிட்டது. நனைந்த கயிறு, உரித்த ஆரஞ்சுத் தோல், ஊதி அணைத்த மெழுகுவர்த்தியின் திரி. போன மாதம் ஒரு ஓட்டல் அறையில் இதையே குடித்திருக்கிறாள். அப்போது அது கடைக்கு வராத சரக்கு. ஊற்றிக்கொடுத்தது யார் என்றால், இந்த வடிசாலையில் எந்தப் பீப்பாயை எதோடு கலப்பது என்று முடிவு செய்கிற அம்மாள். வியாபார வேலையாக வந்திருந்தவள், பத்திரிகையின் கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டு, தங்கையை மட்டும் தனியாகக் கூப்பிட்டு அனுப்பியிருந்தாள். இவள் குடித்துவிட்டுச் சொன்னதையெல்லாம் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். கடைசியில், "எங்க கலவை அறைல உங்களுக்கு ஒரு நாற்காலி இருக்கு. வர்றீங்களா?" என்றாள். நாளைக்குள் பதில் சொல்லவேண்டும்.

போகவேண்டும் என்று தங்கைக்கு ஆசை. அக்காவிடம் மட்டும் சொல்ல வாய் வரவில்லை. அன்றைக்குப் பல் டாக்டரிடம் போனதாகச் சொல்லியிருந்தாள்.

அந்தப் புட்டியே இன்றைக்கு ஐந்தில் ஒன்றாக வந்து உட்கார்ந்தால் என்ன செய்வாள்? மனசு சொன்ன மார்க்கைப் போட்டால் நாளைக்கே, "அங்க வேலைக்குப் போறவ, அதான் அள்ளிப் போட்டிருக்கா" என்று பேச்சு வரும். அக்கா பேரும் சேர்ந்து நாறும். அதனால் குறைத்துப் போட்டாள். எழுபத்தொன்று. ஐந்தாவது கோப்பையை முகர்ந்தபோது அதிலும் அதே கயிறு, அதே திரி. இரட்டைக் கோப்பை இதுதான் என்று புரிந்ததும், மாற்றிப் போட்டால் மாட்டிக்கொள்வோம் என்று அதற்கும் எழுபத்தொன்று போட்டாள். கெட்டிக்காரத்தனம் என்றுதான் நினைத்தாள்.

"நடந்தது போதும், வந்து உக்காரு. தரை தேயுது" என்றாள் அக்கா. "மூணாவது. எண்பது. உனக்கு?"

"எழுபத்தெட்டு."

"நாலு. எனக்கு எழுபத்தாறு."

"எனக்கும் எழுபத்தாறுதான்."

"பாரு, ஒழுங்காத்தான் இருக்கே. ரெண்டாவதுல மட்டும் பேய் பிடிச்சிருக்கு. அஞ்சு. எனக்கு எண்பத்தொம்பது."

தங்கை தாளைப் பார்த்தபடி நின்றாள்.

"படிடி."

"எழுபத்தொண்ணு."

அக்கா வாயைத் திறந்தாள். திறந்த வாய் அப்படியே நின்றது. எப்போதும் அடுத்த நொடியே எதையாவது கொட்டுகிறவள், இந்தத் தடவை கொட்டவில்லை. ஆறாவதைப் படிக்கவும் இல்லை. மாடிப்படிப் பக்கம் திரும்பி, "என்னங்க!" என்று கூப்பிட்டாள்.

கீழிருந்து, "கடைல ஆள் இருக்கு!" என்று குரல் வந்தது.

"ஆள் இருக்கட்டும். நீங்க மேல வாங்க!"

அத்தான் வந்தார். சட்டைப்பையில் ஒரு கண்ணாடி, நெற்றிமேல் ஒரு கண்ணாடி, மூக்கில் ஒரு கண்ணாடி. கையில் பாதி கடித்த ரொட்டித் துண்டு. ருசி பார்க்கிற நாளில் அவருக்கு வீட்டில் சமையல் கிடையாது.

"யார் செத்தா?" என்றார்.

"துணியைப் பிரிங்க."

"ஆறும் படிச்சாச்சா?"

"படிக்கலை. பிரிங்க."

"சட்டப்படி ஆறும் படிச்ச பிறகுதானே—"

"சட்டம் எனக்குத் தெரியும். இரட்டைக் கோப்பை எது எதுன்னு மட்டும் சொல்லுங்க."

அத்தான் மனைவியைப் பார்த்தார், மச்சினியைப் பார்த்தார். நாற்பதைத் தாண்டியும் அவருக்கு அவள் பாப்பாதான். "என்ன பாப்பா, மறுபடியும் புகைச் சண்டையா?" என்று கேட்டுப் பார்த்தார். பாப்பா சிரிக்கவில்லை. அவர் ரொட்டியை வாயில் போட்டு விழுங்கிவிட்டு, மூலையிலிருந்த துணி சுற்றிய புட்டிகளில் ஒன்றை எடுத்துப் பிரித்தார்.

"இதுதான். புதுசா வந்திருக்கிறது. ரெண்டும் அஞ்சும்."

"சரி" என்றாள் அக்கா. அவள் குரல் தணிந்துவிட்டது. அதுதான் பயமாக இருந்தது. "நான் தொண்ணூத்திரெண்டும் எண்பத்தொம்பதும். இவ எழுபத்தொண்ணும் எழுபத்தொண்ணும்."

"பரவாயில்லையே!" என்றார் அத்தான். "பாப்பாவுக்குத்தான் நாக்கு நிதானம். ஒரு மார்க்கூட ஆடலை. நீதான் மூணு மார்க் ஆடியிருக்கே."

"ஆமா, நான் ஆடியிருக்கேன். போன மாசம் நாலு மார்க் ஆடினேன். அவ ரெண்டு. அதுக்கு முந்தின மாசம் அவ மூணு ஆடினா. என்னைக்காவது, என்னைக்காவது ஒரு நாள், நாங்க ரெண்டு பேர்ல ஒருத்தி இரட்டைக்கு ஒரே எண்ணைப் போட்டிருக்கோமா?"

அத்தான் யோசித்தார். நெற்றிமேல் இருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, மூக்கில் ஏற்கெனவே ஒன்று இருந்ததால் மறுபடி ஏற்றினார். "இல்லை" என்றார்.

"ஏன் இல்லை? முதல் வாய்க்கும் அஞ்சாவது வாய்க்கும் நடுவுல நாக்கு அலுத்துப்போகுது. தண்ணி குடிக்கிறோம். ரொட்டி கடிக்கிறோம். அதே சரக்கு கொஞ்சம் மேலயோ கீழயோதான் தெரியும். நாக்கு ஒரே எண்ணை ரெண்டு தடவை சொல்லாதுங்க. தலைதான் சொல்லும்." அவள் தங்கையின் பக்கம் திரும்பினாள். "இது உன் நாக்கு போட்ட மார்க் இல்லை. உனக்கு முன்னாடியே தெரியும், இது எதுன்னு. ரெண்டாவதுலயும் தெரியும், அஞ்சாவதுலயும் தெரியும். யார் சொன்னா?"

தங்கை தாளைப் பார்த்தாள். இரண்டு எழுபத்தொன்றும் அதில் இரட்டைப் பிள்ளைகள்போல் உட்கார்ந்திருந்தன. ஒன்றை எழுபத்துமூன்றாகப் போட்டிருந்தால்? தோன்றவேயில்லை. இத்தனை வருஷமாகப் பொய் சொல்லிப் பழகாததால் வந்த வினை.

அக்கா அதற்குள் கணவர்மேல் பாய்ந்துவிட்டாள். "நீங்க சொன்னீங்களா?"

"நானா? அடக் கடவுளே, நான் எதுக்குச் சொல்லப்போறேன்?"

"நேத்து அவகூட மாடிப்படில நின்னு குசுகுசுன்னு பேசிட்டிருந்தீங்களே?"

"குழாய் ஒழுகுதுன்னு சொன்னா! குழாயைப் பத்திக் குசுகுசுன்னு பேசினா குத்தமா? நீ தூங்கிட்டிருந்தே, அதான் மெதுவாப் பேசினோம். எழுப்பியிருந்தா அதுக்கும் சண்டை."

"ஊத்தறப்ப கோப்பைல அடையாளம் கிடையாளம்—"

"இத்தனை வருஷமா ஊத்தறேன், ஒரு நாள் நாக்குல வெச்சுப் பாத்ததில்லை. எனக்கு அடையாளம் எதுக்கு? மோரு குடிச்சிட்டு இருக்கிறவனைப் போய்ச் சாராயக் கேஸ்ல மாட்டிவிடறியே."

"அக்கா, அத்தானை விடு" என்றாள் தங்கை. "நான் முன்னாடியே குடிச்சிருக்கேன்."

"எதை?"

"இதை. இந்தப் புதுசை."

"இது போன வாரம்தானே வெளில வந்துச்சு?"

"வர்றதுக்கு முன்னாடி."

பிறகு சொன்னாள். ஓட்டல் அறை, கலவை அம்மாள், நாற்காலி, நாளைக்குள் பதில். நடந்துகொண்டே சொன்னாள்; ஜன்னலுக்கும் கதவுக்கும் நடுவில், யார் முகத்தையும் பார்க்காமல். பல் டாக்டர் என்று சொன்னது பொய் என்பதையும் சொன்னாள். சொல்லிமுடித்ததும் மேசைக்கு வந்து தாளைக் கவிழ்த்துவைத்தாள்.

அக்கா கேட்ட முதல் கேள்வி இது: "அப்ப அந்தப் பல்வலி?"

"வலியே இல்லை."

"ஒரு வாரம் உனக்குக் கஞ்சி வெச்சுக் கொடுத்தேனேடி! பருக்கை பருக்கையா நசுக்கி!"

அத்தான் தலையைக் குனிந்துகொண்டார், தோள் குலுங்கியது. சிரிப்பை அடக்கத்தான். அக்கா பார்த்த பார்வையில் அதுவும் அடங்கியது.

"போறது வேற" என்றாள் அக்கா. ஒவ்வொரு வார்த்தையாக எடுத்துவைத்தாள். "போகணும்னா போ. உன்னைக் கட்டிப்போட்டா வெச்சிருக்கேன்? அதை அப்பறம் பேசுவோம், அழவும் செய்வோம். ஆனா எழுபத்தொண்ணு எப்படிடி போட்டே? அந்தப் பக்கத்துல என் பேரும் இருக்கில்ல? நல்ல சரக்கை நல்லா இல்லைன்னு எழுத உனக்குக் கை வந்துச்சா?"

"உனக்காகத்தான் போட்டேன். தொண்ணூறு போட்டுட்டு நாளைக்கு அங்கயே போய் உக்காந்தா ஊர் என்ன சொல்லும்? அக்காவும் தங்கச்சியும் மார்க்கை வித்துட்டாங்கன்னு சொல்லாதா?"

"சொல்லட்டும். ஊர் வாய்க்குப் பயந்து நாக்கை மாத்துவியா? அதுக்குப் பதிலா என்கிட்ட வந்து, 'அக்கா, இந்த மாசம் இதுல நான் உக்காரலை'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா ஏன்னு கேப்பே."

"கேப்பேன்தான்!"

"கேட்டா சொல்லணும்."

"சொல்லேன்!"

"சொல்ல முடியலைக்கா!"

கீழே கடையில் தொலைபேசி அடித்தது. அத்தானுக்கு அது உயிர் வந்த மாதிரி இருந்திருக்கவேண்டும். படியில் தடதடவென்று இறங்கினார். அவர் பேசுவது மேலே கேட்டது. "ஆமா சார்... இல்லை சார், இன்னும் முடியலை... பத்திரிகை அச்சுக்குப் போகணும், தெரியுது சார்... அஞ்சு மார்க்குக்கு மேல போயிடுச்சு. ஆமா, பெரிய சண்டைதான்... எவ்வளவு நேரமா? சார், நான் அதுக்கு நடுவுல போக மாட்டேன், நான் உசிரோட இருந்து பேரப்பிள்ளையைப் பாக்கணும்... சாயங்காலத்துக்குள்ள அனுப்பச் சொல்றேன்."

மேலே இரண்டு பேரும் அவரவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். நாற்காலிகள் மட்டும் சுவரைப் பார்க்காமல் கோணலாகக் கிடந்தன.

"பேசாம அதுக்கு மார்க் இல்லைன்னு எழுதிடலாம்" என்றாள் அக்கா. "ஆறாவதையும் படிச்சிட்டு மத்த நாலை அனுப்பலாம்."

"வேண்டாம்."

"ஏன்?"

தங்கை கை விரல்களைப் பின்னிப் பிரித்தாள். "அக்கா, நான் ஒண்ணு கேக்கறேன், சிரிக்காதே. எழுபத்தொண்ணு பொய்தான். ஆனா நிஜம் எதுன்னு எனக்கே தெரியலை. அந்த ஓட்டல்ல குடிச்சப்ப ஆகா ஓகோன்னு இருந்துச்சு. அது அந்தச் சரக்கா, இல்லை அந்தம்மா என்னைக் கூப்பிட்டாங்களேங்கிற சந்தோஷமா? இன்னைக்கு மோந்ததுமே குறைக்கணும்னு தலை சொல்லிடுச்சு. அதனால இன்னைக்கும் நாக்கு என்ன சொல்லுச்சுன்னு நான் கேக்கலை. அங்க போனா துணி சுத்தி வெக்க மாட்டாங்க. எது எந்தப் பீப்பாய், எத்தனை வருஷம், எல்லாம் தெரிஞ்சுகிட்டேதான் குடிக்கணும். தெரிஞ்சும் தெரியாத மாதிரி ருசி பாக்கணும். அதுதான் அங்க வேலையே. முதல் தடவையே எனக்கு அது முடியலைன்னா, அங்க போய் நான் என்னத்தைக் கிழிக்கப்போறேன்?"

அக்கா சிரிக்கவில்லை.

"சட்டம் என்ன சொல்லுது?" என்றாள் தங்கை. "அஞ்சுக்கு மேல போனா மறுபடி ஊத்தணும். ஊத்துவோம். பழைய மார்க் ரெண்டையும் அடிச்சிடு."

"என் தொண்ணூத்திரெண்டு உன் காதுல விழுந்தாச்சே?"

"விழுந்தாச்சு. எனக்குப் போக ஆசைங்கிறது உன் காதுல விழுந்தாச்சு. ரெண்டு பேரும் சமம்."

"உனக்கு அதனால என்ன தெரியப்போகுது?"

"நாம ரெண்டு பேரும் அஞ்சுக்குள்ள வந்தா, எல்லாம் தெரிஞ்சும் என் நாக்கு நிலையா இருக்குன்னு அர்த்தம். நான் போறேன். வரலைன்னா, நாளைக்கு அந்தம்மாவைக் கூப்பிட்டு, எனக்கு லாயக்கில்லைன்னு சொல்லிடறேன்."

"என் தலைல கட்டறியா?"

"உன்னைத் தவிர எனக்கு வேற யாரை வெச்சு அளந்து பாக்கத் தெரியும்? இத்தனை வருஷமா நான் சரியாச் சொல்றேனான்னு உன் தாளைப் பாத்துத்தானே தெரிஞ்சுக்கிட்டேன்? நீயும் அப்படித்தானே?"

அக்கா எழுந்துபோய்க் குழாயில் இரண்டு கோப்பைகளைக் கழுவினாள். சோப்பில்லாமல், வெறும் வெந்நீரில். துணியால் துடைக்காமல் கவிழ்த்துவைத்தாள். துணி வாசனை ஒட்டும். கழுவிய கோப்பைகளையே மறுபடி கழுவினாள். பிறகு ஜன்னலைத் திறந்தாள். தெரு இரைச்சல் வந்தது, மூடினாள். காற்றில்லாமல் புழுங்கியது, திறந்தாள்.

"உக்காருக்கா. எனக்குத் தலை சுத்துது" என்றாள் தங்கை.

"உனக்குச் சுத்தினா எனக்கென்ன? காலைலேர்ந்து நீ நடந்த நடைக்கு இது கால்வாசிகூட இல்லை."

அத்தான் திரும்பி வந்தார். விஷயத்தைக் கேட்டார். புட்டியிலிருந்து இரண்டு கோப்பைக்கும் அளந்து ஊற்றினார், லென்ஸை மூடினார், ஒன்றைக் கிழக்கு மேசையிலும் மற்றதை மேற்கு மேசையிலும் வைத்தார். எந்த மேசைக்குப் பக்கத்திலும் நிற்கத் தைரியமில்லாமல் நடு அறையில் நின்றார். "நான் ஒண்ணு சொல்லவா?" என்று ஆரம்பித்தார்.

"சொல்ல வேண்டாம்" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

அந்த நேரம் பார்த்துக் கடைமணி அடித்ததால் அவர் தப்பித்தார்.

நாற்காலிகள் சுவரைப் பார்த்துத் திரும்பின. தங்கை பென்சிலைச் சீவினாள். சீவிய வாசனை போகட்டும் என்று கொஞ்சம் காத்திருந்தாள். லென்ஸை எடுத்தாள்.

முதலில் வந்தது ஓட்டல் அறைதான். அந்த அம்மாளின் தலையாட்டல், நாற்காலி, நாளைக்குள் பதில், எல்லாம் கோப்பையிலிருந்து எழுந்து முகத்தில் அடித்தது. லென்ஸை மூடினாள். உள்ளங்கையைப் புடவையில் துடைத்தாள். மறுபடி எடுத்தாள். இப்போது அக்காவின் தொண்ணூற்றிரண்டு வந்தது. மூடினாள். மூன்றாவது தடவை எடுத்தபோது அலுப்பில் மனசு கொஞ்சம் விலகிக்கொண்டது. கயிறு இருந்தது. ஆரஞ்சுத் தோல், உள்பக்கத்து வெள்ளைச் சதையோடு. திரி. அதற்குக் கீழே இதுவரை கவனிக்காத ஒன்று, மழைக்குப் பிறகு இரும்புக் கம்பியைப் பிடித்த கையின் வாடை. ஒரு வாய் எடுத்தாள். நாக்கின் நடுவில் இனிப்பு, ஓரங்களில் உப்பு. தொண்டையில் இறங்கும்போது சுடவில்லை, இறங்கின பிறகு மெல்லச் சுட்டது. முடிவில் ஒரு கசப்பு உண்மையாகவே இருந்தது. மெல்லிய கசப்பு, தேநீரின் அடியில் இருக்கிற மாதிரி. காலையில் அவள் வாய்க்கு வந்ததைச் சொன்னது முழுப்பொய் இல்லை.

அந்தக் கசப்பு குறையா, நிறையா? அதை மட்டும் யோசித்தாள். வேறு எதையும் யோசிக்கவில்லை என்பதைச் சற்று நேரம் கழித்துத்தான் கவனித்தாள். ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி ருசி பார்த்தாள். கசப்பு இல்லையென்றால் இது வெறும் இனிப்பாகப் போயிருக்கும்.

எண்பத்தெட்டு என்று எழுதினாள். தொண்ணூற்றிரண்டு இல்லை, எழுபத்தொன்றும் இல்லை. எழுதியதும், காலையிலிருந்து முதல் தடவையாக, கால் இரண்டும் தரையில் சும்மா இருந்தன. பென்சிலை வைத்தாள்.

முதுகுக்குப் பின்னால் லென்ஸ் மரத்தில் படுகிற சத்தம் கேட்டது. மூச்சை இழுக்கிற சத்தம். ஒரு மடக்கு. அக்கா சட்டென்று முடிவெடுக்கிறவள், ஒரு மடக்குக்கு மேல் அவளுக்குத் தேவைப்படாது. எண்ணை எழுதும்போது தாள் கிழிகிறமாதிரி அழுத்தி எழுதுவாள், அறை முழுக்கக் கேட்கும்.

இரண்டாவது மடக்கு கேட்டது. நாற்காலி கிறீச்சிட்டது. பென்சில் தாளைத் தொட்டமாதிரி இருந்தது, தொட்டு எடுத்தமாதிரியும் இருந்தது. தங்கை திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பக்கூடாது. எதிரே சுவரில் காரை பெயர்ந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே அத்தான் யாருக்கோ கண் பரிசோதித்துக்கொண்டிருந்தார். "இது தெளிவா இருக்கா, இல்லை இதுவா? அவசரமில்லை, நல்லாப் பாத்துச் சொல்லுங்க. இதுவா? இதுவா?"

மூன்றாவது மடக்கு. லென்ஸை மறுபடி கோப்பையின் மேல் வைக்கிற சத்தம். அதற்குப் பிறகு எதுவுமில்லை. நாக்கு சொல்வதை எழுதுவாளா, தங்கையை இங்கேயே நிறுத்திவைக்கிற எண்ணை எழுதுவாளா? தங்கையின் கால் தானாகவே தரையைத் தட்ட ஆரம்பித்துவிட்டது.

"அக்கா, போட்டுட்டியா?"